"லேக்" என்று எழுதினால் அது கருத்து ஆகாதா?

வாசகி ஒருவரின் கடிதம்:

வணக்கம் சார். கும்பகோணம் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று படம் செல்போனில் பார்த்துவிடுவேன். பேய்ப் படம், காமெடி, துப்பறியும் படம், பழைய கறுப்பு வெள்ளை, விருது வாங்கியது, இங்கிலீஷ் படம், எதுவானாலும் சரி. பார்த்து முடித்ததும் ஒரு நோட்டில் நாலு வரி எழுதிப் பத்துக்கு மார்க் போடுவேன். மூன்று நோட்டு நிறைந்துவிட்டது.

சென்னையில் விஸ்காம் படிக்கும் என் அண்ணன் மகன் லீவுக்கு வந்தபோது நோட்டை எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தான். "வீடு படத்துக்கு நாலு மார்க், பேய்ப் படத்துக்கு எட்டா அத்தை? 'லேக்', 'மொக்கை'ன்னு எழுதினா அது விமர்சனமா? சினிமா மொழி தெரியாம கருத்து சொல்லக் கூடாது" என்றான். நான் எழுதியிருந்ததை அவன் சத்தமாகப் படித்தது எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. உங்களுக்காகச் சிலவற்றை அப்படியே எழுதுகிறேன்.

யாவரும் நலம்: லிஃப்ட் சீன்! 8. வீடு: நடுவில் தூங்கிவிட்டேன். லேக். 4. காதலிக்க நேரமில்லை: எத்தனாவது தடவையோ. 10. ஜாஸ்: சுறாவைக் காட்டவே மாட்டேன் என்கிறார்கள், ஆனாலும் பயம். 9. ஒரு புதுப் பேய்ப் படம்: தலைவலி. 2. உதிரிப்பூக்கள்: மார்க் போடத் தெரியவில்லை.

என் ரசனை மட்டமா? முதலில் சினிமாவைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா? புதுக் காமெடிப் படம் எதற்கும் எனக்குச் சிரிப்பே வருவதில்லை, அது ஏன்? பாட்டு வந்தால் ஓட்டிவிடுகிறேன், அது தப்பா? ஒரு மாதமாக நோட்டைத் தொடவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நோட்டை மறுபடி கையில் எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் படத்தொகுப்பாளன். எடிட்டிங் அறைக்குள் நுழைந்து முப்பது வருஷம் ஆகிறது. ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன், இப்போது கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன். கருவி மாறியிருக்கிறது, ஆனால் எனக்கு இருக்கும் ஒரு பெரிய குறை அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. ஒரு படத்தை முடிப்பதற்குள் அதை நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். இருபதாவது தடவையில் எனக்குச் சிரிப்பு நின்றுவிடும். நாற்பதாவது தடவையில் பயம் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. இயக்குநருக்கும் தெரியாது. முதல் தடவையாகப் பார்க்கிற ஒருவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் படம் வெளியாவதற்கு முன்னால் சிலரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டும் பிரிவியூ வைக்கிறோம். பிரிவியூவில் நான் முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். திரையைப் பார்க்க மாட்டேன், திரும்பி முகங்களைத்தான் பார்ப்பேன். மனசு படத்தில் இருக்கும்போது யாரும் இருமுவதில்லை. மனசு விலகினதும் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் தொண்டை கரகரக்கும், நாற்காலி முனகும். இப்போதெல்லாம் இன்னும் சுலபம், இருட்டில் செல்போன் வெளிச்சம் தெரிந்துவிடும். "47-வது நிமிஷம், மூன்று வெளிச்சம்" என்று எழுதிக்கொள்வேன். படம் முடிந்த பிறகு வெளியே நின்று ஆளாளுக்குச் சொல்லும் பாராட்டைவிட அந்தக் காகிதத்தைத்தான் நம்புவேன்.

"நடுவில் தூங்கிவிட்டேன்" என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதே வகைக் காகிதம்தான். எங்கள் தொழிலில் எல்லோரும் தேடுவது அதைத்தான், அதைப் போய் ஒளித்து வைக்கப் பார்க்கிறீர்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

நீங்கள் 9 மார்க் போட்ட ஜாஸ் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் வந்தது. படத்தை முடித்துப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஓர் இடத்தில் அரங்கமே அலறியது. அந்த அலறலைக் கேட்ட இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்கு இன்னொரு அலறல் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மூழ்கிய படகின் ஓட்டை வழியாகச் செத்தவனின் தலை எட்டிப் பார்க்குமே, அந்த ஷாட்டை அதற்குப் பிறகுதான் எடுத்தார். எங்கே எடுத்தார் தெரியுமா? படத்தின் எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸின் வீட்டு நீச்சல் குளத்தில். கடல் தண்ணீர் மாதிரி கலங்கலாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குளத்தில் பாலைக் கலந்தார்கள். வெர்னா ஃபீல்ட்ஸுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. அந்தக் காட்சி படத்துக்குள் வந்ததற்குக் காரணம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சாதாரண ஜனங்கள் போட்ட சத்தம்தான். அவர்களில் யாரும் சினிமா மொழி படித்துவிட்டு அலறவில்லை.

சரி, இப்போது படம் இழுக்கிறது என்பதற்குச் சொல்லும் "லேக்" என்ற சொல்லுக்கு வருகிறேன்.

உங்கள் மருமகன் அந்தச் சொல்லைக் கேலி செய்திருக்கிறார். எனக்கு அந்தச் சொல் மேல் மரியாதை உண்டு. தமிழ்நாட்டில் படம் பார்க்கும் எல்லோரும் சொல்கிற சொல் அது, ஒரு எடிட்டர் காதில் விழுந்தால் அன்று ராத்திரி தூக்கம் கெடும். ஆனால் அதை எப்படிக் கேட்பது என்று எனக்குப் பிடிபடவே பல வருஷம் ஆயிற்று.

ஒரு குடும்பப் படத்துக்கு வேலை செய்தேன். பிரிவியூ பார்த்தவர்கள் ஒன்று சொன்னாற்போல, "செகண்ட் ஹாஃப்ல ஆஸ்பத்திரி சீன் லேக்" என்றார்கள். ஆஸ்பத்திரிக் காட்சியில் ஒன்றரை நிமிஷம் குறைத்தேன். அடுத்த பிரிவியூவிலும் அதே பதில். இன்னும் ஒரு நிமிஷம் குறைத்தேன். இந்த முறை "ரொம்ப லேக்" என்றார்கள்! நீளம் பாதியானபோது இழுவை கூடியிருக்கிறது. மூன்று நாள் குழம்பிய பிறகுதான் புரிந்தது. படுக்கையில் கிடக்கிற பெரியவருக்கும் அவர் பேத்திக்கும் இடையே முதல் பாதியில் ஒரு சின்னக் காட்சி இருந்தது. நாற்பது விநாடிதான். பள்ளிக்கூட வாசலில் அவர் அவளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவார். கதைக்குத் தேவையில்லை என்று நான்தான் அதைத் தூக்கியிருந்தேன். அது இல்லாததால் ஆஸ்பத்திரியில் கிடப்பவர் யாரோ ஒருவராகிவிட்டார். யாரோ ஒருவருக்காக யார் காத்திருப்பார்கள்? அந்த நாற்பது விநாடியைத் திரும்பச் சேர்த்தேன், ஆஸ்பத்திரிக் காட்சியைப் பழைய நீளத்துக்கே கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு லேக் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வால்டர் மர்ச் என்கிற அமெரிக்க எடிட்டர் இதற்கு மருத்துவத்திலிருந்து ஓர் உதாரணம் சொல்வார். நோயாளி முழங்கையைக் காட்டி வலிக்கிறது என்பார், நரம்பு நசுங்கியிருப்பதோ தோளில். வலி பொய்யில்லை, ஆனால் கத்தியை முழங்கையில் வைத்தால் ஒன்றும் சரியாகாது. படம் பார்க்கிறவர்களும் அப்படித்தான். எங்கே வலித்தது என்பதில் அவர்கள் தவறுவது அபூர்வம். ஏன் வலித்தது என்று சொல்வதில்தான் அடிக்கடி தவறுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், உங்களுக்குக் கொடுப்பதில்லை. ஆகவே காரணம் தெரியவில்லையே என்று நீங்கள் தவிக்க வேண்டாம்.

உங்கள் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி "லிஃப்ட் சீன்!" என்பது. ஏன் பிடித்தது என்று நீங்கள் எழுதவில்லை, எங்கே பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். "லேக்" என்று எழுதிய இடங்களிலும் இதையே செய்யுங்கள். எந்தக் காட்சியில் கை செல்போனில் மணி பார்க்கப் போனது? யார் பேசிக்கொண்டிருந்தபோது கண் சொக்கியது? அதை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால், பத்துப் படம் கழித்துத் திருப்பிப் பார்க்கும்போது உங்கள் ரசனையின் உருவம் உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

லிஃப்ட் என்றதும் பேய்ப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பேய்ப் படங்களுக்கு நீங்கள் போட்டிருக்கும் மார்க் எல்லாமே என் கணக்கில் சரி. திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு. பத்து விநாடி நிசப்தத்தை வைத்துவிட்டுக் காது கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தைப் போட்டால் யாராக இருந்தாலும் உடம்பு தூக்கிப் போடும். குக்கர் விசில் அடித்தாலும்தான் தூக்கிப் போடுகிறது. அதைப் படம் முழுக்க இருபது தடவை செய்தால் உங்களுக்கு வந்தது மாதிரி தலைவலிதான் வரும். இதில் தயாரிப்பு நெருக்கடிகளும் உண்டு. டிரெய்லருக்கு நாலு அதிர்ச்சி வேண்டும் என்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். நானும் கொடுத்திருக்கிறேன், இன்றைக்கு அந்த இடங்களைப் பார்க்கும்போது மனசு சங்கடப்படுகிறது.

திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் இதை ஒரு மேஜையையும் குண்டையும் வைத்து விளக்கினார். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று அடியில் இருந்த குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டை முன்னாலேயே பார்ப்பவருக்குக் காட்டிவிட்டு, சுவரில் ஒரு கடிகாரத்தையும் காட்டிவிட்டு, அந்த இரண்டு பேரையும் பேசவிட்டால் பதினைந்து நிமிஷம் தவிப்பு. பேச்சு அதே பேச்சுதான், ஆனால் இப்போது ஒவ்வொரு வார்த்தையும் நம்மை நெளிய வைக்கும்.

2009-ல் விக்ரம் குமார் எடுத்த யாவரும் நலம் இதை நம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. புதிதாகக் குடிவந்த அடுக்குமாடி வீடு, மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகராத லிஃப்ட், பெண்கள் பார்க்கும் டிவி சீரியலில் வருவதெல்லாம் இந்தக் குடும்பத்தில் நடக்கிறது. இதில் பயமுறுத்தும் பொருள் எது? லிஃப்ட்டும் டிவியும். இரண்டும் நம் எல்லோருக்கும் தெரிந்தவை. அன்றைக்கு ராத்திரி படத்தை நிறுத்தினாலும் மறுநாள் லிஃப்ட்டில் ஏறும்போது படம் தொடர்கிறது. நீங்கள் ஆச்சரியக்குறி போட்டிருப்பது மிகச் சரியான இடத்தில்.

ஜாஸ் விஷயத்திலும் உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. சுறாவைக் காட்டவில்லை என்பது கதை சொல்லும் உத்தி என்று நினைப்போம். உத்திக்குப் பின்னால் ஒரு கஷ்டம் இருந்தது. செய்து வைத்திருந்த இயந்திரச் சுறா கடல் உப்புத் தண்ணீரில் இறங்கினதும் மக்கர் பண்ணியது. வேறு வழியில்லாமல் தண்ணீரில் இழுபட்டுப் போகும் மஞ்சள் பீப்பாய்களையும் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுர இசையையும் வைத்தே பாதிப் பயத்தை உண்டாக்கினார்கள். "காட்டவே மாட்டேன் என்கிறார்கள், ஆனாலும் பயம்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதில் "ஆனாலும்" என்பதை "அதனால்தான்" என்று மாற்றிக்கொண்டால் போதும், வரி முழுமை ஆகிவிடும்.

காமெடிக்கு வருவோம். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் சிரிக்கிறோம். என் உதவியாளர்களுக்கு நான் முதல் வாரத்திலேயே அதைப் போட்டுக் காட்டுவேன். சொல்லப்படுவது முழுக்க முழுக்கத் திகில் கதை. கதவுச் சத்தம் முதல் எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே கொடுத்துவிடுகிறார். பாலையா நிஜமாகவே பயப்படுகிறார், ஒரு நொடிகூடத் தமாஷாக நடிக்கவில்லை. அவர் பயப்படப் பயப்பட நமக்குச் சிரிப்பு. அந்தக் காட்சியிலிருந்து பாலையாவின் முகத்தை எடுத்துவிட்டு நாகேஷை மட்டும் காட்டிப் பாருங்கள், பாதி உயிர் போய்விடும். பயமும் சிரிப்பும் ஒரே சட்டியில்தான் வேகின்றன. இரண்டுக்கும் எப்போது காட்டுவது, எத்தனை நொடி காக்க வைப்பது என்பதுதான் உயிர். பேய்ப் படத்தையும் காமெடியையும் நீங்கள் சேர்த்தே ரசிப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் புதுக் காமெடி எதற்கும் சிரிப்பு வரவில்லை என்று சொல்வதில் படங்களின் குறை மட்டும் இல்லை, நீங்கள் பார்க்கும் விதமும் சேர்ந்திருக்கிறது. தியேட்டருக்காகத் தொகுக்கும்போது ஒரு நல்ல நகைச்சுவை வசனம் முடிந்ததும் ஒரு நொடி, ஒன்றரை நொடி இடம் விடுவோம். ஐந்நூறு பேர் சிரித்து அடங்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வசனம் காதில் விழாது. ஹீரோ அறிமுகத்தில் விசிலுக்கும் இப்படி இடம் விடுவதுண்டு. அந்த இடைவெளியை நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக, காதில் இயர்போனோடு, பக்கத்தில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்ற நினைப்போடு பார்க்கிறீர்கள். கூட்டம் நிரப்ப வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. வசனம் முடிந்தும் நடிகர் சும்மா நிற்கிறார். உங்களுக்கு அது லேக். சிரிப்பு தொற்றிக்கொள்கிற விஷயம், தொற்றிக்கொள்ள இன்னோர் ஆள் வேண்டும். காதலிக்க நேரமில்லையை நீங்கள் முதன்முதலில் யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது தனியாகப் பார்க்கும்போதும் அவர்களும் கூட உட்கார்ந்துதான் சிரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரு புதுக் காமெடிப் படத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரோடும் போட்டுப் பாருங்கள், மார்க் மாறலாம். மாறாவிட்டால் அது மொக்கைதான், தைரியமாக எழுதுங்கள்.

வீடு. இதை எழுதத்தான் நான் தயங்கினேன், ஏனென்றால் பாலு மகேந்திராவின் அந்தப் படம் எனக்கு மிக வேண்டிய படம்.

1988-ல் வந்தது. பாட்டு கிடையாது. பின்னணியில் இளையராஜா தனியாக வெளியிட்டிருந்த ஹவ் டு நேம் இட் இசைத்தொகுப்பிலிருந்து எடுத்த பகுதிகள் ஒலிக்கும். வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு பெண், கையில் இருக்கும் துண்டு நிலத்தில் வீடு கட்டப் பார்க்கிறாள். சிமெண்ட், செங்கல், காண்ட்ராக்டர், கடன், அலுவலகம் அலுவலகமாக அலைச்சல், அவ்வளவுதான் கதை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த நடிப்பு. அதில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்கப் போவார். சுவரைத் தடவிப் பார்ப்பார், இன்னும் கூரை ஏறாத இடத்தில் நிற்பார். வசனம் கிடையாது. ஒரு எடிட்டராக அந்தக் காட்சியை எங்கே குறைக்கலாம் என்று நான் பல தடவை தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. ஒரு ஷாட்டைச் சுருக்கினால் அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் ஆகிவிடுவார். இப்போது இருக்கிற நீளத்தில்தான் அவர் அந்த வீட்டில் கொஞ்ச நேரம் குடியிருந்துவிட்டு வருகிறார். அதில் நிஜமாகவே குடியேற அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நாள் முழுக்கக் கணக்கெழுதி, சமைத்து, பாத்திரம் கழுவி, பதினொரு மணிக்கு உட்கார்ந்து உள்ளங்கை அகலத் திரையில் இதைப் பார்த்தால் தூக்கம் வரும். வந்ததை நீங்கள் எழுதியது நேர்மை. 4 மார்க் அந்த ராத்திரிக்கு. அதை அடிக்காதீர்கள், பக்கத்தில் தேதியும் நேரமும் போடுங்கள். அப்புறம் ஒரு பகல் நேரத்தில், டிவியில், தாத்தா வீடு பார்க்கப் போகும் இடம்வரையாவது பாருங்கள். அதற்குப் பிறகும் 4 தான் என்றால் 4 தான். என் மனசு கொஞ்சம் கஷ்டப்படும், அது உங்கள் கவலை இல்லை.

மெதுவாகப் போகிற படம் எல்லாம் ஆழமான படம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெட்டத் தெரியாமல் நீண்டுபோன படங்களும் விருது வாங்கியிருக்கின்றன. வித்தியாசம் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு ஷாட் நீளமாக நிற்கும்போது என் கண் அதற்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். ஒரு கை, ஒரு சுவர், பின்னால் போகிற ஆள் என்று கண் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தால் அந்த ஷாட் உயிரோடு இருக்கிறது. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டுக் கண் சும்மா காத்திருந்தால், அது எவ்வளவு பெரிய இயக்குநர் எடுத்ததாக இருந்தாலும் லேக்.

உங்கள் மருமகன் சொன்னதில் ஒரு விஷயம் நியாயம்தான். எல்லாப் படத்தையும் ஒரே தராசில் போட்டு நிறுத்தால் கணக்கு உதைக்கும். ஒவ்வொரு படமும் முதல் பத்து நிமிஷத்துக்குள் உங்களிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிடும். பயமுறுத்துகிறேன், சிரிக்க வைக்கிறேன், இந்தப் பெண் படுகிற பாட்டைக் கூடவே இருந்து பார் என்று. அந்த வாக்கைக் காப்பாற்றியதா என்பதற்குத்தான் மார்க். யாவரும் நலம் காப்பாற்றியது, அதனால் 8. அது வீடு படத்தைவிட இரண்டு மடங்கு பெரிய படம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்களும் அப்படி நினைத்து எழுதவில்லை, உங்கள் மருமகன் அப்படிப் படித்துவிட்டார். நோட்டில் மார்க்குக்கு முன்னால் படம் என்ன வாக்குக் கொடுத்தது என்று நாலு வார்த்தை சேர்த்துவிட்டால் இந்தச் சண்டையே வராது.

முதலில் படித்துவிட்டுத்தான் எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதேர் பாஞ்சாலி பார்த்திருப்பீர்களோ தெரியாது, 1955-ல் சத்யஜித் ராய் எடுத்த படம். ஊரிலிருந்து திரும்பி வரும் அப்பா, மகள் இறந்துபோனது தெரியாமல் அவளுக்கு வாங்கி வந்த புடவையை எடுத்துக் காட்டுவார். அம்மா உடைந்து அழுவாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்காது, அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் ஒலிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அந்த வாத்தியத்தின் பேர் தெரியாது, அழுகை நீக்கப்பட்டிருக்கிறது என்பதுகூட உறைக்கவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். விவரம் பிறகு தெரிந்தது, தெரிந்த பிறகு இன்னும் அதிகமாக அடைத்தது. இந்த வரிசையில் வந்தால் படிப்பு நல்லது. படித்துவிட்டு, இங்கே தொண்டை அடைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால் ஒன்றுமே நடக்காமல் போய்விடலாம். முன்னால் சொன்ன வால்டர் மர்ச், ஒரு வெட்டு நல்ல வெட்டா என்று பார்க்க ஆறு காரணங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பும் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51. கதைக்கு 23. மிச்சம் நாலும் சேர்ந்து 26. உணர்ச்சி ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் எடை கொண்டது என்று காட்டத்தான் அந்த 51. அந்த 51 உங்கள் மூன்று நோட்டிலும் இருக்கிறது.

உதிரிப்பூக்கள் பக்கத்தில் மார்க் இல்லாமல் விட்டீர்களே, அதையும் அப்படியே விடுங்கள். 1979-ல் மகேந்திரன் எடுத்தது, புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து கிளைத்த கதை. படம் முழுக்க நாம் வெறுக்கிற மனிதனை ஊரே ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நியாயம் நடக்கப்போகிறது என்று நாமும் ஊரோடு நிற்கிறோம். அப்போது அவன், நல்லவர்களாக இருந்த உங்கள் எல்லோரையும் என்னைப் போல ஆக்கியதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறான். அவன் குழந்தைகள் கரையில். நம்மை நியாயவான்களாக உட்காரவைத்துவிட்டு, கடைசியில் நம் கையைப் பார்க்க வைக்கிற படம். அதற்கு எண் போட உங்கள் பேனா மறுத்திருக்கிறது. ரசனை மட்டமாக இருக்கிறவருடைய பேனா இந்த இடத்தில் தயங்காது.

பாட்டை ஓட்டுவது பற்றி. ஓட்டுங்கள், பல படங்களில் ஒன்றும் குறையாது, நாங்களே சில பாட்டுகளை எங்கே சொருகுவது என்று தெரியாமல் சொருகுகிறோம். ஆனால் பழைய படங்களில் கொஞ்சம் கவனம். 1961-ல் வந்த பாசமலரில் "மலர்ந்தும் மலராத" பாட்டை ஓட்டிவிட்டால் கதையில் ஒரு படி காணாமல் போகும். பிரிந்துவிட்ட அண்ணனும் தங்கையும் ஆளுக்கோர் இடத்தில் தங்கள் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள், பாட்டு மட்டும் இரண்டு இடத்துக்கும் நடந்து போய் வருகிறது. பேசிக்கொள்ள முடியாதவர்கள் அந்தப் பாட்டில்தான் பேசிக்கொள்கிறார்கள். முதல் சரணம்வரை பாருங்கள், கதை நகரவில்லை என்றால் ஓட்டுங்கள்.

மருமகன் மேல் கோபம் வேண்டாம். பத்தொன்பது, இருபது வயசில் புதிதாகக் கற்றதை வீட்டில் காட்டத்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. அடுத்த லீவுக்கு வரும்போது "அந்த நாள்" படத்தை இருவரும் சேர்ந்து பாருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கி 1954-ல் வந்தது, தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம், அதனால் ஓட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. படம் ஆரம்பித்த உடனேயே சிவாஜி சுடப்பட்டு இறந்துவிடுவார். யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். ஆளுக்கொரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். யார் மேல் சந்தேகம் வந்தது, எந்த நிமிஷத்தில் வந்தது, எந்த நிமிஷத்தில் அது இன்னொருவர் மேல் தாவியது என்று மட்டும் எழுதுங்கள். படம் முடியும்வரை ஒருவர் காகிதத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. முடிந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் எடிட்டர்